செய்து விடுவதும் செய்ய விடுவதும்: பக்கவாதத்துக்குப் பிறகு யார், எப்படிப் பார்த்துக்கொள்வது?

"வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ், வீட்டில் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்" என்று மருத்துவமனையில் சொன்ன பிறகு, பெரும்பாலான குடும்பங்களுக்கு முடிவெடுக்க இரண்டு நாள்தான் கிடைக்கிறது. பக்கவாதம் வந்தவருக்கு ஒரு பக்கத்துக் கையும் காலும் விழுந்திருக்கும். பேச்சு குழறியிருக்கலாம், முற்றிலும் நின்றும் போயிருக்கலாம். மூக்குக் குழாயும் சிறுநீர்ப் பையுமாகவே வீட்டுக்கு அனுப்பப்படுவோரும் உண்டு. மகளோ மருமகளோ வேலையை விட்டுவிடுவதா, ஏஜென்சி மூலம் ஆள் வைப்பதா, மறுவாழ்வு மையத்தில் சில வாரங்கள் சேர்ப்பதா, அல்லது யாரும் வேலையை விடாமல் முறைவைத்துப் பார்த்துக்கொண்டு பயிற்சிக்கு அழைத்துச் செல்வதா என்று அந்த இரண்டு நாளின் தவிப்போடு என்னிடம் கேட்டவர்கள் பலர். என் தாயாருக்கு வலப்பக்கம் செயலிழந்து பேச்சும் போன பிறகு, மூன்றாண்டுகளில் இந்த நான்கு வழிகளில் மூன்றை நாங்கள் கடந்து வந்தோம் என்பதால்தான் கேட்கிறார்கள்.

எல்லோரும் "யார் பார்த்துக்கொள்வது?" என்பதிலிருந்தே தொடங்குகிறார்கள், நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். அதற்கு முன்பாகக் கேட்க வேண்டியவை இரண்டு இருந்தன என்பது எங்களுக்கு ஓராண்டு கழித்தே விளங்கியது. நோயாளியின் அன்றாட வேலைகளில் எவையெவை அவர் கைக்கே திரும்ப வேண்டும் என்பது ஒன்று. அவரைப் பார்த்துக்கொள்பவரின் நாளில் அவருக்கென்று என்ன மிஞ்ச வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் விடை தெரிந்தால் "யார்" என்பதற்கு விடை காண்பது ஓரளவு எளிதாகிவிடுகிறது.

## முதலில் அளவுகோல்கள்

அன்றாடச் செயல்கள். பக்கவாத நோயாளிகள் எந்த அளவுக்குப் பிறரைச் சார்ந்திருக்கிறார்கள் என்பதை அளக்க 1965-இல் வெளியான பார்தெல் குறியீடு இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. உண்ணுதல், குளித்தல், முகம் கழுவித் தலைவாருதல், உடுத்துதல், மலக்கட்டுப்பாடு, சிறுநீர்க் கட்டுப்பாடு, கழிப்பறைப் பயன்பாடு, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல், நடத்தல், படியேறுதல் என்று 10 செயல்கள். மொத்த மதிப்பெண் 100. மாறுதலுக்கும் நடைக்கும் தலா 15 மதிப்பெண், குளியலுக்கு 5. டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் உங்கள் வீட்டவருடைய மதிப்பெண் என்ன என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். "பரவாயில்லை, முன்னேற்றம் இருக்கிறது" என்ற பேச்சைவிட, எந்தச் செயலில் எத்தனை மதிப்பெண் குறைகிறது என்ற தாள் முடிவெடுக்க அதிகம் உதவும்.

வாழ்வில் நிறைவு. இது தனிக்கணக்கு; மேற்சொன்ன மதிப்பெண்ணோடு இது சேர்ந்தே ஏறும் என்று எண்ணிவிடக் கூடாது. வலக்கை விழுந்த ஒருவர் இடக்கையால் கரண்டி பிடித்துச் சாப்பிடப் பழகிவிட்டால், உண்ணுதலுக்கு உரிய 10 மதிப்பெண்ணும் அவருக்குக் கிடைத்துவிடும். ஆனால் வாழ்நாள் முழுவதும் இடக்கையால் எதையும் கொடுக்கவும் வாங்கவும் கூசியவர், விருந்தினர் முன்னால் அந்தக் கையால் உண்ண மறுத்து அறைக்குள்ளேயே இருந்துவிடுவார். என் தாயார் அப்படி இருந்தார். மாறாக, நடக்க இயலாத நிலையிலும், கோயிலுக்குப் போகும் நாளில் நைட்டியை விட்டுப் புடவை கட்டிவிட்டால் அன்று முழுவதும் அவர் முகம் தெளிந்திருக்கும். பக்கவாதம் கண்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வருகிறது என்பதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். "அழுதுகொண்டே இருக்கிறார், பயிற்சிக்கு ஒத்துழைப்பதில்லை" என்று நாம் குறை சொல்வது பல வேளைகளில் மருந்தும் ஆலோசனையும் தேவைப்படும் நோயின் அறிகுறியாகவே இருக்கும்.

பராமரிப்பவரின் நாள். தூக்கம், சொந்த வருமானம், வீட்டைவிட்டு வெளியே செல்லும் நேரம் ஆகிய மூன்றையும் மணிக்கணக்கிலும் ரூபாயிலும் எழுத வேண்டும். அசைய முடியாதவரை இரவிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறார்கள். அதைச் செய்பவர் எப்போது தூங்குவார் என்பதை யாரும் கேட்பதில்லை.

பணம், பாதுகாப்பு, காலம். பணத்தில் வெளிப்படையாகத் தெரிவதைவிட மறைவாகக் கரைவதே அதிகம் என்பதால், அதை ஒவ்வொரு வழியிலும் தனியே சொல்கிறேன். பாதுகாப்பு என்பது புரையேறாமல் விழுங்குவது, கீழே விழாமல் இருப்பது, படுக்கைப்புண் வராமல் காப்பது, இரத்த அழுத்த மாத்திரை ஒருவேளையும் தவறாமல் இருப்பது. காலத்தைப் பொறுத்தவரை, உடல் இயக்கத்தில் விரைவான மீட்சி பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில் நடக்கிறது. அதன் பிறகும் முன்னேற்றம் உண்டு, ஆனால் மெதுவாகவே வரும்.

இந்த எல்லா அளவுகோல்களுக்கும் குறுக்கே ஓடும் வேறுபாடு ஒன்று இருக்கிறது. நோயாளிக்கு ஒரு வேலையை நாமே செய்துவிடலாம். அல்லது அவரையே செய்ய விடலாம். சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட ஒரு நிமிடம் போதும். அவரே போட்டுக்கொள்ளக் கால் மணி நேரம் ஆகும், நமக்குப் பொறுமை போய்விடும். ஒவ்வொரு வழியும் இவற்றில் எதை நோக்கி இழுக்கிறது என்பதையே நான் கடைசியில் பார்க்கிறேன்.

## முதல் வழி: குடும்பத்தில் ஒருவர் வேலையை விட்டுப் பார்த்துக்கொள்வது

நம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவதும், கேள்வியில்லாமல் முடிவாவதும் இதுதான். "யாருக்குச் சம்பளம் குறைவோ அவர் விலகட்டும்" என்ற கணக்கு நியாயமானதுபோல் தோன்றும்; அது கிட்டத்தட்ட எப்போதும் வீட்டுப் பெண்ணின் மேல்தான் போய் விழுகிறது. முடிவு எடுக்கப்படும் அறையில் அந்தப் பெண் இருந்தாரா, அவரிடம் கேட்கப்பட்டதா என்பதை முதலில் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். கேட்காமல் சுமத்தப்பட்ட பராமரிப்பு ஆறு மாதத்தில் மனக்கசப்பாகிவிடுகிறது. அந்தக் கசப்பு நோயாளிக்கும் தெரியாமல் போவதில்லை.

இதன் பலம் பெரியது. பேச்சிழந்தவரின் சைகையும் முனகலும் வீட்டாருக்குப் புரிவதுபோல் வெளியாருக்குப் புரிவதில்லை. காபியில் சர்க்கரை எவ்வளவு, எந்தக் கடவுள் படம் கண்ணுக்கு எதிரே இருக்க வேண்டும், எந்தத் தங்கை வந்தால் முகம் மலரும் என்பதெல்லாம் தெரிந்தவர் பக்கத்திலேயே இருப்பது, நிறைவு என்ற கணக்கில் வேறெந்த வழியும் தர முடியாதது.

ஆனால் அன்பிருந்தால் போதும், பயிற்சி தானே நடக்கும் என்று நம்புவது தவறு. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 பக்கவாத நோயாளிகளைக் கொண்டு நடந்த அட்டெண்ட் ஆய்வு 2017-இல் வெளியானது. ஒரு குழுவில் குடும்பத்தாருக்கே மறுவாழ்வுப் பயிற்சி கற்றுத்தந்து, வீட்டில் அவர்களே அளிக்கச் செய்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, இறப்பிலும் பிறரைச் சார்ந்திருக்கும் நிலையிலும் மற்றக் குழுவிலிருந்து வேறுபாடு காணப்படவில்லை. வேறொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். லண்டனில் பராமரிப்பவர்கள் 300 பேரை வைத்து நடந்து 2004-இல் வெளியான ஆய்வில், தூக்கி மாற்றும் முறை, அன்றாடச் செயல்களுக்கு உதவும் முறை முதலியவற்றை மருத்துவமனையிலேயே கற்றுக்கொண்ட வீட்டார்க்குச் சுமையும் மனச்சோர்வும் குறைந்தன. நோயாளிகளின் மனநிலையும் வாழ்க்கைத் தரமும் மேம்பட்டன. ஆனால் அவர்களின் உடல் இயலாமையின் அளவு மாறவில்லை. பிரிட்டனில் பின்னர் 36 பக்கவாதப் பிரிவுகளில் இன்னும் பெரிதாக நடந்த ஆய்வில் அந்த நன்மையும் தென்படவில்லை. இவற்றைச் சேர்த்துப் படிக்கும்போது நான் எடுத்துக்கொள்வது இதுதான்: குடும்பம் கற்றுக்கொள்வது வீட்டு வாழ்க்கையை இலகுவாக்கக்கூடும், ஆனால் தேர்ந்த இயன்முறை மருத்துவரின் இடத்தைக் குடும்பத்தால் நிரப்ப முடியாது. வேலையை விட்ட மகளிடம் "நீதான் வீட்டில் இருக்கிறாயே, பிசியோவையும் நீயே பார்த்துக்கொள்" என்று சொல்வது அவருக்கும் நோயாளிக்கும் ஒருசேரச் செய்யும் அநீதி.

மறைசெலவுகளைப் பார்ப்போம். வேலையை விட்டால் சம்பளம் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதோடு போகும் மற்றவை கணக்கில் வருவதில்லை. ஐந்தாண்டு தொடர்பணி முடிய ஆறு மாதம் இருக்கும்போது விலகினால் பணிக்கொடை (கிராஜுவிட்டி) பொதுவாகக் கிடைக்காது. அதைவிடப் பெரிய இழப்பு காப்பீடு: ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் உள்ள ஊழியரைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் அதன் மருத்துவ வசதி உண்டு. பல நிறுவனங்களின் குழுக் காப்பீட்டிலும் பெற்றோரைச் சேர்த்திருப்பார்கள். தந்தையைப் பார்த்துக்கொள்வதற்காக மகள் வேலையை விட்டால், அந்தத் தந்தைக்கு இருந்த மருத்துவக் காப்பே சில நாளில் அல்லது சில மாதங்களில் அற்றுப்போகும். எனவே விலகல் கடிதம் கொடுப்பதற்கு முன், சம்பளமில்லா விடுப்பு, வீட்டிலிருந்தே வேலை, பகுதிநேரம் ஆகியவற்றை எழுத்து மூலம் கேட்டுப் பார்க்க வேண்டும். மூன்று மாத விடுப்பு கிடைத்தாலே மிக முக்கியமான காலம் கடந்துவிடும்.

மற்றொரு செலவு உடலுக்கு. எழுபது கிலோ எடையுள்ளவரை நாளுக்கு எட்டு முறை தூக்கி மாற்றுபவரின் இடுப்பு அதிக நாள் தாங்காது. விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் நோயாளியின் தோள்மூட்டு விலகி, தீராத வலி தொடங்கிவிடும். தூக்கும் முறையை டிஸ்சார்ஜுக்கு முன்பே வார்டில் இயன்முறை மருத்துவர் முன்னிலையில் நீங்களே இரண்டு முறை செய்து காட்டி, சரி என்று அவர் சொன்ன பிறகே வீட்டுக்கு வாருங்கள்.

பேச்சு பெரிதும் பாதிக்கப்பட்டவர், அந்நியர் தொட்டால் பதறுபவர், நினைவு குழம்பியவர் ஆகியோருக்கும், வேலையை விடுபவர் தாமே விரும்பி முன்வந்து, இரவில் முறைமாற்ற இன்னொருவர் இருக்கும் வீட்டுக்கும் இந்த வழி பொருந்தும்.

## இரண்டாம் வழி: வீட்டில் சம்பளத்துக்கு ஆள்

பகல் 12 மணி நேரம் அல்லது 24 மணி நேரமும் உடன் தங்கும் அட்டெண்டர், ஹோம் நர்ஸ் என்று ஏஜென்சிகள் அனுப்புகின்றன. முதலில் இவ்விரண்டு பெயர்களையும் பிரித்தறிய வேண்டும். மூக்குக் குழாய் வழி உணவு, சிறுநீர்க் குழாய், ஆறாத படுக்கைப்புண் ஆகியவை இருந்தால் பயிற்சி பெற்ற செவிலியரின் மேற்பார்வை தேவை. குளிப்பாட்டுதல், உடை மாற்றுதல், நடத்திச் செல்லுதல் மட்டுமென்றால் அனுபவமுள்ள அட்டெண்டர் போதும். பல ஏஜென்சிகளில் செவிலியப் படிப்பு இல்லாதவரையும் "நர்ஸ்" என்றே சொல்லி அனுப்புகிறார்கள். படிப்புச் சான்றைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

இந்த வழியில் வீட்டார் தூங்கலாம், வேலைக்குப் போகலாம். அம்மாவை இன்னொருவர் குளிப்பாட்டும்போது மகள் மகளாகவே அருகில் உட்கார்ந்து பேசலாம். இதன் மதிப்பை நான் மிகத் தாமதமாகவே உணர்ந்தேன். முதல் ஆண்டு முழுவதும் நான் அம்மாவிடம் பேசியது மாத்திரை, மோஷன், டயப்பர் பற்றித்தான்.

பலவீனம், மேலே சொன்ன "செய்து விடுதல்" என்ற பக்கமே இந்த ஏற்பாடு சாய்ந்துவிடுவது. நோயாளி சுத்தமாக, நேரத்துக்குச் சாப்பிட்டு, படுக்கையில் இருந்தால் வந்தவர் நன்றாக வேலை செய்கிறார் என்று நாம் பாராட்டுகிறோம். அவரும் கரண்டியால் ஊட்டிவிடுகிறார். கழிப்பறைக்கு அழைத்துப் போவதைவிட டயப்பர் எளிது என்பதால் அதையே போடுகிறார். எங்கள் வீட்டில் நான்கு மாதம் இப்படி ஓடியது. அம்மாவுக்குச் சிறுநீர் வரும் உணர்வு இருந்தது, கையால் காட்டவும் செய்தார்; ஆனாலும் டயப்பர் இருக்கிறதே என்று விட்டுவிட்டோம். பின்னர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கமோட் நாற்காலியில் உட்கார வைக்கும் பழக்கத்தைத் தொடங்கியபோது, பகலில் டயப்பர் தேவையில்லாத நிலைக்கு வர ஆறு வாரமே ஆனது. அந்த நான்கு மாதத்துக்கு அட்டெண்டர் பொறுப்பல்ல. என்ன செய்ய வேண்டும் என்று நாங்கள் சொல்லாமல் இருந்ததே காரணம். இப்போது கேட்பவர்களிடம், வேலைக்கு வருபவரிடம் கொடுக்க ஒரு தாள் எழுதச் சொல்கிறேன்: இவற்றை அவரே செய்வார், பொறுமையாகக் காத்திருங்கள்; இவற்றில் கைகொடுங்கள்; இவற்றை மட்டும் நீங்கள் செய்யுங்கள்.

மறைசெலவு இப்படி வளர்கிறது. மாதத் தொகை 25,000 ரூபாய் என்று ஏஜென்சி சொல்வதாக வைத்துக்கொள்வோம். அதன் மேல் பதிவுக் கட்டணம், மூன்று வேளை உணவு, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவர் ஊருக்குப் போகும் வாரத்தில் மாற்று ஆளுக்கான கூடுதல் தொகை, டயப்பர், கையுறை எல்லாம் சேரும். பணத்தில் வராத செலவு, ஆள் மாறுவது. ஒவ்வொரு முறை புதியவர் வரும்போதும் நோயாளி தம் உடலை இன்னொரு அந்நியரிடம் ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. சென்னை, கோவை போன்ற நகரங்களில் வெளிமாநிலத்திலிருந்து வரும் இளம்பெண்கள் பலர் இந்த வேலையில் மிகுந்த பொறுமையோடு இருக்கிறார்கள். ஆயினும் பேச்சை இழந்து சொல் சொல்லாகத் திரும்பக் கற்கும் ஒருவருக்கு, நாள் முழுவதும் தமிழ் பேசாதவரோடு இருப்பது பெரிய குறைதான். அப்படியானால் குறைந்தது தினமும் ஒரு மணி நேரம் வீட்டார் ஒருவர் பேச்சுக்கென்றே ஒதுக்க வேண்டும். 24 மணி நேரமும் ஒருவரே பார்ப்பார் என்ற ஏற்பாட்டையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அவரும் தூங்க வேண்டியவர். இரவில் இரண்டு மணிக்கொருமுறை எழுந்தவர் காலையில் நோயாளியை நடத்திச் செல்லும்போது இருவரும் விழக்கூடும்.

உடல் எடை அதிகமுள்ளவர், நெடுநாள் படுக்கையிலேயே இருக்க வேண்டியவர் இருக்கும் வீட்டுக்கும், வீட்டில் உள்ள ஒரே துணை முதியவர் என்றாலும் இதுவே பொருத்தம்.

## மூன்றாம் வழி: மறுவாழ்வு மையத்தில் சில வாரங்கள்

இயன்முறை மருத்துவர், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர், மறுவாழ்வு மருத்துவர் ஆகியோர் ஒரே கூரையின் கீழ் ஒரு குழுவாக வேலை செய்வது இந்த வழியின் சாரம். தமிழ்நாட்டுக்கு இதில் நீண்ட மரபு உண்டு. 1954-இல் நேர்ந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சைகள் செய்தவர். அவருடைய முயற்சியால் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு நிலையம் பாகாயத்தில் 1966-இல் தொடங்கப்பட்டது. சென்னை கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. தனியார் மையங்கள் பெருநகரங்களில் பெருகியுள்ளன.

அன்றாடச் செயல்கள் என்ற அளவுகோலில் இந்த வழிதான் முன்னிற்கிறது. உடுத்துதல், குளித்தல், உண்ணுதல் ஆகியவற்றையே குறிவைத்து அளிக்கப்படும் ஆக்குபேஷனல் தெரபி அந்தச் செயல்களில் முன்னேற்றம் தருகிறது என்பதற்குத் தொகுப்பாய்வுகளில் சான்று உண்டு. நம் ஊரில் "பிசியோ" என்றால் எல்லோருக்கும் தெரியும். ஆக்குபேஷனல் தெரபியைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. ஒரு கையால் லுங்கியை இறுக்குவது, நழுவாத விரிப்பின் மேல் தட்டை வைப்பது, விழுந்த கையை முதலில் சட்டைக்குள் நுழைப்பது எல்லாம் அவர்கள் கற்றுத்தருபவை.

மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தையும் கருவிகளையும் பார்த்து மயங்காமல், ஒரு நாளில் நோயாளியோடு பயிற்சியாளர் நேருக்கு நேர் செலவிடும் நேரம் எவ்வளவு, மற்ற நேரத்தில் அவர் என்ன செய்துகொண்டிருப்பார் என்று கேளுங்கள். மெல்பர்ன் நகரின் ஐந்து பக்கவாதப் பிரிவுகளில் நடந்து 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், நோயாளிகள் பகல்நேரத்தில் பாதிக்கு மேல் படுக்கையிலேயே இருந்ததும், அறுபது விழுக்காட்டு நேரம் தனியாக இருந்ததும் தெரியவந்தது. வசதி மிகுந்த நாட்டின் நிலையே அது. உள்நோயாளியாகச் சேர்ந்துவிட்டதாலேயே நாள் முழுவதும் பயிற்சி நடக்கும் என்று எண்ணக் கூடாது.

இங்கே மறைசெலவு முதலில் காப்பீட்டில் வரும். பல தனியார் பாலிசிகள், மறுவாழ்வுக்காக மட்டும் தங்குவதைச் சிகிச்சையாக ஏற்க மறுக்கின்றன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பு இருந்தாலும், நீங்கள் சேரப்போகும் மையமும் அந்தச் சிகிச்சையும் அதன் பட்டியலில் உள்ளனவா என்பதைச் சேர்வதற்கு முன்பே உறுதிசெய்ய வேண்டும். உடன் தங்கும் வீட்டாரின் விடுப்பு, உணவு, வாடகை ஆகியவை இன்னொரு செலவு.

மூன்றாவது, பலரும் எதிர்பாராதது: மையத்தில் கற்றது வீட்டில் மறந்துபோவது. அங்கே தரை சமம், சுவரெங்கும் பிடிகம்பி, மேற்கத்தியக் கழிப்பறை. வீட்டிலோ வாசலில் இரண்டு படி, குளியலறைக்கு ஆறங்குல நிலைப்படி, இந்தியக் கழிப்பறை. மையத்தில் வாக்கர் பிடித்து நடந்தவர் வீட்டில் மறுபடி படுக்கைக்குத் திரும்புவது இதனால்தான். சேர்த்த முதல் வாரத்திலேயே வீட்டுக் குளியலறை, வாசல், படுக்கையின் உயரம் ஆகியவற்றைப் படமெடுத்துப் பயிற்சியாளரிடம் காட்டி, அந்த வீட்டுக்கு ஏற்ற பயிற்சியைக் கேளுங்கள். அவர் உள்ளே இருக்கும் வாரங்களிலேயே கம்பியும் சரிவுப்பாதையும் அமைத்துவிடலாம்.

முதல் மூன்று மாதங்களுக்குள் இருப்பவர், ஓரளவு உட்காரவும் சொல்வதைப் புரிந்துகொள்ளவும் முடிந்தவர், நடை, உடுத்துதல், பேச்சு என்று பல செயல்கள் ஒருசேரப் பாதிக்கப்பட்டவர் ஆகியோருக்கு இதற்கு நிகரான வழி இல்லை. பணத்தை எங்காவது ஒரே இடத்தில்தான் போட முடியும் என்றால், இந்த வாரங்களில் போடுங்கள் என்பதே என் கருத்து. வீட்டை விட்டு ஓர் இரவும் இருக்க மாட்டேன் என்று அழும் முதியவருக்கு மட்டும் தயங்குவேன்.

## நான்காம் வழி: முறைவைத்த பராமரிப்பும் வெளியிலிருந்து பயிற்சியும்

யாரும் வேலையை விடுவதில்லை; வீட்டிலுள்ளவர்கள் காலை, பகல், இரவு என்று முறை பிரித்துக்கொள்கிறார்கள்; வாரத்தில் சில நாள் பயிற்சியாளரிடம் அழைத்துப் போகிறார்கள் அல்லது அவர் வீட்டுக்கு வருகிறார். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில், இரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மருந்துகளோடு இயன்முறைச் சிகிச்சையும் நோய்தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளத் தவற வேண்டாம். வசதியுள்ள குடும்பத்தினர் இது தங்களுக்கானதல்ல என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். வருபவர் பல வீடுகளுக்குச் செல்ல வேண்டியிருப்பதால் தினமும் வர முடியாது. இடைப்பட்ட நாட்களில் பயிற்சியைத் தொடர்வது வீட்டார் பொறுப்பு.

இலேசான, நடுத்தரமான பாதிப்புள்ளவர்களுக்கு, தேர்ந்த குழு வீட்டுக்கு வந்து பயிற்சியளிக்கும் ஏற்பாட்டோடு முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்புவது பிறரைச் சார்ந்திருப்பதைக் குறைக்கிறது என்று வெளிநாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. வீட்டின் நாற்காலி, வீட்டின் கிண்ணம், வீட்டின் படி இவற்றிலேயே பழகுவதால், கற்றதை இடம் மாற்ற வேண்டிய சிக்கல் இல்லை. செய்ய விடுவதற்கு இயல்பாகவே இடம் தருவதும் இந்த வழிதான். எல்லோரும் வேலைக்குப் போகும் அவசரத்தில் அவர் கையில் சில வேலைகள் தானாகவே போய்ச் சேர்கின்றன. அம்மா இடக்கையால் முருங்கைக்கீரை ஆயத் தொடங்கியது அப்படித்தான். ஒரு மணி நேரம் ஆகும், பாதி காம்போடு வரும், ஆனால் அன்றைய பொரியலில் தமக்கும் பங்குண்டு என்று அவர் பேச்சில்லாமலே காட்டுவார்.

மறைசெலவு, போக்குவரத்து. ஆட்டோ வாடகையைவிட, மாடியிலிருந்து இருவர் பிடித்து இறக்குவதும், காத்திருந்து திரும்புவதுமாக அரை நாள் போய்விடுவதே பெரிது. இரண்டாவது, முறை எல்லோருக்கும் சமம் என்று தாளில் எழுதப்பட்டிருந்தாலும், இரவு முறை மட்டும் நாளடைவில் ஒருவரிடமே தங்கிவிடுவது. மூன்றாவது, முறைகளுக்கு நடுவே நோயாளி தனித்திருக்கும் இடைவெளி. விழுங்குவதில் சிக்கல் இருப்பவரை, சாப்பிடும்போதே இருமுபவரை, சாப்பிட்டபின் குரல் ஈரமாகக் கரகரப்பவரைத் தனியே சாப்பிட விடவே கூடாது; நிமிர்ந்து உட்கார்ந்த நிலையில் உண்டு, அதன் பிறகு அரை மணி நேரமாவது அப்படியே இருக்க வேண்டும்.

## நான்கையும் அருகருகே வைத்தால்

| | வேலையை விடுதல் | சம்பள ஆள் | மறுவாழ்வு மையம் | முறைவைத்தல் |
|---|---|---|---|---|
| அன்றாடச் செயல் திரும்புதல் | பயிற்சியாளர் வந்தால் மட்டும் நன்று | எழுதிக் கொடுக்காவிட்டால் குறைவு | மிக நன்று | இலேசான பாதிப்புக்கு நன்று |
| நோயாளியின் நிறைவு | அதிகம், கசப்பு இல்லாதவரை | ஆள் மாறாமலிருந்தால் நடுத்தரம் | முன்னேற்றத்தால் மகிழ்ச்சி, தனிமையால் வாட்டம் | அதிகம் |
| பராமரிப்பவரின் நாள் | வெகுவாகச் சுருங்கும் | பெரும்பாலும் மீளும் | சில வாரத்துக்கு முடங்கும் | துண்டு துண்டாகும் |
| மறைசெலவு | காப்பீடு, பணிக்கொடை, இடுப்பு | மாற்று ஆள், டயப்பர் | காப்பீடு ஏற்காமை, உடன் தங்குதல் | பயண அரைநாள், இரவு முறை |
| கவனிக்க வேண்டிய ஆபத்து | தோள் இழுபடுதல் | படுக்கையோடு நின்றுவிடுதல் | வீடு தயாராக இல்லாமை | தனிமை நேரத்தில் விழுதல், புரையேறுதல் |

முதியோர் இல்லம் அல்லது நெடுநாள் பராமரிப்பு இல்லத்தை இங்கே சேர்க்கவில்லை. பிள்ளைகள் அயலூரில் இருந்து, துணையும் இல்லாதவருக்கு அது தவிர்க்க முடியாததாக இருக்கலாம். அதற்காக யாரும் குற்றவுணர்வு கொள்ள வேண்டியதில்லை. அங்கே பயிற்சி உண்டா, நோயாளியைப் பகலில் படுக்கையிலிருந்து எழுப்பி உட்கார வைக்கிறார்களா என்ற இரண்டை மட்டும் நேரில் போய்ப் பகல் பதினொரு மணிக்குப் பாருங்கள்.

## எந்த நிலையில் எது

பார்தெல் மதிப்பெண் மிகக் குறைந்து, குழாய்களோடு வருபவருக்கு முதல் சில வாரம் செவிலியர் மேற்பார்வையோடு வீட்டில் சம்பள ஆள்; உடல் சற்றே நிலைப்பட்டு உட்காரத் தொடங்கியவுடன் மையம்; மையத்திலிருந்து வந்த பிறகு முறைவைத்தல். இடைநிலையில் இருப்பவருக்கு நேரே மையம். எழுந்து நடமாடி, கையும் பேச்சும் மட்டும் பாதிக்கப்பட்டவருக்கு நான்காம் வழி முதலிலிருந்தே போதும். வேலையை முற்றிலும் விடுவதை நான் எந்த நிலைக்கும் முதல் தேர்வாகச் சொல்வதில்லை. மூன்று மாத விடுப்பாக எடுப்பதை எல்லா நிலைக்கும் சொல்வேன்.

பிள்ளைகள் பலர் உள்ள குடும்பத்தில் ஒருவர் உழைப்பையும் மற்றவர் பணத்தையும் தருவதாக முடிவானால், பணம் தருபவரும் மாதத்தில் இரண்டு இரவாவது வந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சேர்த்தே பேசிக்கொள்ளுங்கள். அந்த இரண்டு இரவு முடிந்த பிறகு, அனுப்பும் தொகை போதுமா என்ற பேச்சு வேறு மாதிரி நடக்கும்.

ஓராண்டு ஏற்பாடு என்று எதையும் முடிவு செய்யாமல், ஒவ்வொன்றையும் மூன்று மாதத்துக்கென்று வைத்துக்கொண்டு, அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். அதற்குள் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கான வேலையையும் தொடங்கலாம். பழைய வருமான வரி முறையில் இருப்பவருக்கு, சார்ந்திருப்பவரின் ஊனம் 40 விழுக்காடோ அதற்கு மேலோ என்றால் ஆண்டுக்கு 75,000 ரூபாயும், 80 விழுக்காடோ அதற்கு மேலோ என்றால் 1,25,000 ரூபாயும் வரிக்கணக்கில் கழிவு உண்டு.

மூன்று மாதம் கழித்து எதைப் பார்த்து முடிவெடுப்பது என்பவர்களுக்கு, நாங்கள் வைத்திருந்த நோட்டைச் சொல்கிறேன். இடப்பக்கத்தில், அந்த வாரம் அம்மா யாருடைய உதவியும் இல்லாமல் செய்தவை: பல் துலக்கினார், கமோட் நாற்காலிக்குத் தாமே மாறினார், கீரை ஆய்ந்தார். வலப்பக்கத்தில், பார்த்துக்கொள்பவர் தமக்கென்று செய்தவை: ஏழு மணி நேரம் தொடர்ந்து தூங்கிய இரவுகள், போய் வந்த கல்யாணம், வாசித்த புத்தகம். இரண்டில் எந்தப் பக்கம் தொடர்ந்து மூன்று வாரம் வெறுமையாகக் கிடந்தாலும், காலண்டரில் குறித்த தேதிக்குக் காத்திராமல் அந்த வாரமே ஏற்பாட்டை மாற்றினோம்.